மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய மதியம்
மேகத்துக்குப் போகலாமா என்று
மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தோம்.
முதுநகர், ஐஸ் ஃபேக்டரியின் பின்னறை.
ஜன்னலில் நிஜ மேகம்
உப்பனாற்றுக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது.
கணக்குப் பார்க்கும் கலியபெருமாள் சிரித்தார்:
"கடலூர்க்காரனிடம் வந்து
மேகத்தை நம்பு என்கிறீர்களே."

மேசைக்கடியில் எங்கள் சர்வர்.
ஏழு வயது.
இரண்டு செங்கல் மேல் நின்றது முன்பு,
போன வெள்ளத்துக்குப் பிறகு நான்கு.
ஆயுதபூஜைச் சந்தனம்
இன்னும் அதன் நெற்றியில்.

ஏலம் போன மீனெல்லாம் அதற்குள்தான்.
முன்னூற்றுப் பத்து வியாபாரிகள்
விடிகாலை மூன்று மணிக்கு
ஒரே மூச்சில் திறப்பார்கள்.
சங்கரா என்ன விலை, வஞ்சிரம் யாருக்கு,
பாக்கி எவ்வளவு.
ஏழு மணிக்கு மேல் ஈயாடும்.
தடைக்காலத்து அறுபத்தொரு நாளும்
விசிறி மட்டும் சுற்றும்,
கட்டிப்போட்ட விசைப்படகில்
எஞ்சினைச் சும்மா ஓட்டுவது போல.

தங்கையின் நிக்காஹ் அன்று
பரங்கிப்பேட்டைப் பந்தலுக்குப் பின்னால்
பிரியாணி அண்டாவின் மூடிமேல்
லேப்டாப்பை வைத்து
நின்றுபோன சர்வரை எழுப்பியவன் தில்ஷாத்.
அன்று அவன் சாப்பிட்டானா என்று
நான் கேட்கவில்லை.
அது இப்போதுதான் உறைக்கிறது.

வாடகைத் தளம் என்றால் என்ன என்றார் கலியபெருமாள்.
கல்யாண மண்டபம் என்றேன்.
அடுப்பு அவர்களுடையது, ஜெனரேட்டர் அவர்களுடையது,
தண்ணீர் தீர்ந்தால் ஓடுவதும் அவர்கள்.
நாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும்
அழைத்துப் போனால் போதும்.
"ஏசிக்கு யூனிட் கணக்கு வேறு" என்றார் அவர்.
"சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அவர்கள் சொல்லும் பந்தல்காரன்தான்."
நான்கு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர்.
"வருஷத்துக்கு நாலு விசேஷம் என்றால் மண்டபம், சரி.
தினமும் விசேஷம் வருகிற வீடு
சொந்தமாய்க் கொட்டகை போட்டுவிடலாம்."

எங்களுக்கு விசேஷம்
தினமும் நான்கு மணி நேரம்,
வருஷத்தில் பத்து மாதம்.
இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பேரேட்டைத் திறந்தார்.
மின்சாரம், பேட்டரி, கெட்டுப்போன டிஸ்க் இரண்டு.
பேனா நின்றது.
"தம்பியின் தூக்கம்.
இதை எந்தத் தலைப்பில் எழுதட்டும்?"

தராசு ஒன்று இருக்கிறது எங்களிடம்.
மீன்கூடையை வைத்தால்
பழைய கம்பி வழியாகச் சர்வரிடம் எடை சொல்லும்.
அதன் பாஷை தில்ஷாத்துக்கு மட்டும் தெரியும்.
"இது மண்டபத்துக்குள் வராதுக்கா" என்றான்.
"இந்த மாதிரி உறவுக்காரரை
அவர்கள் வாசலிலேயே நிறுத்துவார்கள்."

சென்னையிலிருந்து பேசிய விற்பனைப் பையனிடம்
ஒன்றே ஒன்று கேட்டேன்:
நாளைக்கு நான் கிளம்ப வேண்டுமென்றால்
என் பேரேட்டை எந்த உருவில் கையில் தருவீர்கள்?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"மேடம், இதுவரை யாரும் கிளம்பியதில்லை."
அந்தப் பதிலை
கலியபெருமாள் செலவுப் பக்கம் எழுதிக்கொண்டார்.
வேறு இரண்டு பேரிடமும் கேட்டேன்.
ஒருவன்தான் கிளம்பும் வழியைக் காட்டினான்,
விலை சற்றுக் கூட.

அப்புறம் மழை.
மூவருமாகச் சர்வரைத் தூக்கி மேசைமேல் வைத்தோம்.
குழந்தைக் கனம்.

ஏலமும் பாக்கியும் போகட்டும்,
சித்திரை பிறந்த மறுநாள்,
படகுகள் கரையேறிய பிறகு,
ஆள் நடமாட்டமில்லாத அந்த அறுபத்தொரு நாளில்.
தராசு இங்கேயே இருக்கட்டும்
அதன் பாஷையோடு.
வெள்ளிதோறும் பேரேட்டின் நகல் ஒன்று
இந்தக் கிழப்பெட்டிக்கு இறங்கி வரட்டும்.
பெரிய மண்டபத்தின் சாவி
நம் இடுப்பில் தொங்கப்போவதில்லை,
செருப்பையாவது தெரிந்த இடத்தில் விடுவோம்.

சரியா என்று தெரியவில்லை.
இரண்டு வருஷத்தில் மீனும் ஆளும் பெருகினால்
கலியபெருமாளின் கொட்டகை
மறுபடி பேச்சுக்கு வரும்.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரி இருபது நிமிஷம் இழுத்தது.
பிறகு விசிறி நின்று
ஏழு வருஷமாகக் காதில் இருந்த சத்தம்
இல்லாமல் போனதும்
மழை பெரிதாகக் கேட்டது.
நாளை கடலுக்கு யாரும் போகப்போவதில்லை,
மூன்று மணிக்கு யாரும் திறக்கமாட்டார்கள்.

தில்ஷாத் ஐஸ் பெட்டிமேல் சாய்ந்து
வாய் நிறையக் கொட்டாவி விட்டான்.